காய்ச்சலும் கலக்கமும்

2006-ஆம் ஆண்டின் பிற்பகுதி. சம்பா நடவு முடிந்து தஞ்சைத் தரணியின் வயல்கள் பச்சை பிடித்திருந்த பருவம். இளங்குருவாகப் பணியாற்றிய நான், நோயுற்றோருக்கு நற்கருணை வழங்குவதற்காகக் கூத்தாநல்லூருக்குச் சென்றிருந்தேன். திருவாரூருக்கும் மன்னார்குடிக்கும் இடைப்பட்ட அவ்வூரில் இசுலாமியச் சகோதரர்களே பெரும்பான்மையினர். கடல் கடந்து சென்ற பிள்ளைகளின் உழைப்பால் 'சின்ன சிங்கப்பூர்' என்று பெயர் பெற்ற ஊர் அது. நம்மவர் அங்குச் சிலரே. அச்சிலருள் ஒருவர், வயது எழுபதைக் கடந்த ஒரு மூதாட்டி.

நடவு, களையெடுப்பு, அறுப்பு என்று ஐம்பது ஆண்டுகள் சேற்றில் நின்றவர் அவர். விடியலுக்கு முந்தைய இருட்டில் வாய்க்கால் வரப்பின்மீது தனியே நடந்து பழகியவர். அந்த ஆண்டு நாடெங்கும் பரவிய சிக்குன்குனியா அவரையும் விட்டுவைக்கவில்லை. சில நாள்களில் காய்ச்சல் இறங்கிவிட்டது; மூட்டுவலி தங்கிவிட்டது. வலியோடு இன்னொன்றும் தங்கியது. அதுதான் அச்சம். பொழுது சாய்ந்ததும் கதவைத் தாழிடச் சொல்வார். கொல்லைக்குப் போவதற்கும் துணை வேண்டும் என்பார். திண்ணையில் அமர்ந்து தெருவில் போவோர் வருவோரிடமெல்லாம் நலம் விசாரித்தவர், உள்ளறையின் மூலையை நாடினார்.

"இத்தனை வருஷமா செபமாலை சொல்றீங்க, நீங்களே இப்படிப் பயப்படலாமாம்மா? நம்பிக்கை குறைஞ்சுபோச்சா?" என்று கேட்டேன். ஊக்கமூட்டுவதாக எண்ணித்தான் கேட்டேன். அவர் என்னை ஏறிட்டுப் பார்த்து, "நம்பிக்கை எல்லாம் அப்படியேதான் இருக்கு சாமி. இந்த ஒடம்புதான் நம்ப மாட்டேங்குது" என்றார்.

அதை அன்று நான் ஒரு முதியவரின் சமாதானமாகவே எடுத்துக்கொண்டேன். அவர் இறைவனடி சேர்ந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன. உடல் எவ்வாறு அச்சம் கொள்கிறது என்பதைப் பற்றிய அறிவியல் வரலாற்றைப் பின்னாளில் படிக்க நேர்ந்தபோதுதான், அவர் சொன்னதில் எவ்வளவு பொருள் இருந்தது என்பது விளங்கிற்று. அவ்வரலாற்றை வாசகர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முன்னோர் அறிந்திருந்தது

உடலின் நிலை மனத்தின் நிலையை மாற்றும் என்பது புதிய கருத்தன்று. கிரேக்க மருத்துவ மரபு மனிதனின் இயல்பை நான்கு வகை நீர்மங்களைக் கொண்டு விளக்கியது. அவற்றுள் கரும்பித்தம் மிகுந்தால் காரணமற்ற அச்சமும் சோர்வும் தோன்றும் என்று அது கருதியது. நம் சித்த மருத்துவமோ வாதம், பித்தம், கபம் என்ற மூன்றின் ஏற்றத்தாழ்வைக் கொண்டு உடல்நோயையும் உள்ளக் கலக்கத்தையும் ஒருசேர நோக்கியது. விளக்கங்கள் இன்று மாறிவிட்டன. ஆயினும் உடலையும் உள்ளத்தையும் இரண்டு தனி வீடுகளாக அவர்கள் பிரிக்கவில்லை என்பது குறிப்பிடத்தக்கது.

நான்காம் நூற்றாண்டில் எகிப்தியப் பாலைவனத்தில் வாழ்ந்த துறவி எவாகிரியுஸ், நண்பகல் வேளையில் துறவியரைப் பற்றிக்கொள்ளும் ஒருவகைச் சோர்வை நுணுக்கமாக எழுதிவைத்தார். அதை அவர் ஓர் ஆன்மிகச் சோதனையாகவே கண்டார். அவருக்குப் பல நூற்றாண்டுகள் பின்வந்த புனித தாமஸ் அக்குவினாஸ் (1225-1274) இன்னும் ஒருபடி மேலே சென்றார். அச்சம், துயரம் போன்ற உணர்ச்சிகள் ஆன்மாவில் மட்டும் நிகழ்வன அல்ல, உடலின் மாற்றத்தோடு சேர்ந்தே நிகழ்வன என்று அவர் கற்பித்தார். மற்ற உணர்ச்சிகளைவிடத் துயரமே உடலுக்கு மிகுந்த கேடு செய்யும் என்றார். துயரத்துக்கு அவர் எழுதிய மருந்துப் பட்டியலில் கண்ணீரும், நண்பரின் பரிவும், உண்மையைத் தியானிப்பதும் இருப்பதோடு, உறக்கமும் குளியலும் இடம்பெற்றுள்ளன! குருமடத்தில் அப்பகுதியைப் படித்தபோது நாங்கள் சிரித்துக்கொண்டு கடந்துபோனோம். அது சிரிப்புக்குரியதன்று என்பதை உணர எனக்கு நெடுங்காலம் ஆயிற்று.

பதினேழாம் நூற்றாண்டில் பிரெஞ்சு மெய்யியலாளர் தெக்கார்த் 1641-இல் வெளியிட்ட தம் தியானங்களில் சிந்திக்கும் மனத்தையும் இடத்தை அடைத்து நிற்கும் உடலையும் வெவ்வேறு பொருள்களாக வகுத்தார். அதன்பின் வந்த மேலைச் சிந்தனையில் இப்பிளவு ஆழமாகியது. உடல் மருத்துவரிடமும், மனம் வேறொருவரிடமும், ஆன்மா நம்மிடமும் வந்து சேர்ந்தன. இவற்றிடையே ஓடும் செய்தியைக் கேட்பதற்கு யாரும் இல்லாமற்போயினர்.

காய்ச்சலின் தூதன்

அச்செய்தியைத் திரும்பக் கேட்கச் செய்தது காய்ச்சலைப் பற்றிய ஆராய்ச்சியே. நெடுங்காலமாக, நோய்க்கிருமிகள் தாமே உடலைச் சூடாக்குகின்றன என்று எண்ணப்பட்டு வந்தது. 1948-இல் அமெரிக்க மருத்துவர் பால் பீசன், முயலின் வெள்ளணுக்களிலிருந்தே காய்ச்சலை உண்டாக்கும் ஒரு பொருளைப் பிரித்துக் காட்டினார். காய்ச்சலை மூட்டுவது நம் உடலின் காவற்படையே என்பதற்கு அது சான்றாயிற்று. 1977-இல் சார்லஸ் டினரெல்லோவும் அவர்தம் துணைவரும் அப்பொருளை மனித வெள்ளணுக்களிலிருந்து தூய்மைப்படுத்தினர். 1979-இல் சுவிட்சர்லாந்தில் கூடிய அறிஞர்கள் இத்தகைய பொருள்களுக்கு 'இன்டர்லூக்கின்' எனப் பெயரிட்டனர். வெள்ளணுக்களுக்கிடையே செல்லும் தூதன் என்பது அதன் கருத்து. இத்தூதர்களின் பெருங்குடும்பம் இன்று சைட்டோகைன்கள் எனப்படுகிறது.

பெயரிட்டவர்கள் இத்தூதன் வெள்ளணுக்களிடம் மட்டுமே பேசுவான் என்று கருதினர். அவன் மூளையிடமும் பேசுகிறான் என்பதை உணர்த்தியவை விலங்குகள். 1970-களின் நடுவில் மாத்தியூ குளூகர் என்ற அமெரிக்க ஆய்வாளர், பாலைவன ஓணான் வகையொன்றுக்குப் பாக்டீரியாவைச் செலுத்தினார். ஓணானால் நம்மைப் போலத் தன் உடலைத் தானே சூடாக்க இயலாது. அது என்ன செய்தது? வழக்கமாகத் தங்கும் இடத்தைவிட்டு வெப்பமான இடத்தைத் தேடிச் சென்று அமர்ந்தது. அவ்வாறு சூடேறிய ஓணான்களில் மிகுதியானவை பிழைத்தன. குளிரில் வைக்கப்பட்டவற்றில் மிகுதியானவை இறந்தன. ஓணானுக்குக் காய்ச்சல் ஒரு நடத்தையாகவே வெளிப்பட்டது.

அதற்கும் முன்னர், 1964-இல் உளவியலாளர் நீல் மில்லர் மற்றோர் உண்மையைக் கண்டிருந்தார். பாக்டீரிய நச்சு செலுத்தப்பட்ட எலிகள், உணவுக்காக நெம்புகோலை அழுத்துவதைக் குறைத்துக்கொண்டன. சோர்வினால் இயலாமற்போயின என்றுதானே நினைப்போம்? ஆனால் அதே எலிகளைச் சுழலும் உருளையில் இட்டு, நெம்புகோலை அழுத்தினால் சுழற்சி நிற்கும் என்று அமைத்தபோது, அவை முன்னிலும் மிகுதியாக அழுத்தின! இயலாமை காரணமன்று, நோயுற்ற எலிக்கு எது வேண்டும் என்பதே மாறிவிட்டிருந்தது. அதற்கு வேண்டியது ஓய்வு.

1988-இல் கலிபோர்னியாவின் கால்நடை மருத்துவரான பெஞ்சமின் ஹார்ட், நோயுற்ற விலங்கு சுருண்டு படுப்பதும், தீனியை மறுப்பதும், கூட்டத்தை விட்டு விலகுவதும் உயிர்பிழைக்க உதவும் ஓர் ஒழுங்கான ஏற்பாடு என்று எழுதினார். நோய்கண்ட மாடு தொழுவத்தின் ஓரத்தில் ஒதுங்கி நிற்பதை நம் உழவர்கள் காலங்காலமாகக் கண்டிருக்கிறார்கள். பிரான்சு நாட்டின் ராபர்ட் தான்செர், அமெரிக்காவின் கீத் கெல்லி முதலியோர், கிருமியே இல்லாமல் இன்டர்லூக்கினை மட்டும் செலுத்தினாலும் இந்நடத்தை தோன்றுவதைக் காட்டினர். வயிற்றையும் மூளையையும் இணைக்கும் வேகஸ் நரம்பு இச்செய்தி செல்லும் வழிகளுள் ஒன்று என்பது 1990-களின் நடுவில் தெளிவாயிற்று.

நம் மண்ணுக்கு வந்த ஆய்வு

மூளையிலிருந்து காவற்படைக்குச் செல்லும் எதிர்த்திசைப் பாதையும் உண்டு. 1975-இல் அமெரிக்காவின் ரோச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் ஏடர், நிக்கோலஸ் கோயன் இருவரும் எலிகளுக்குச் சாக்கரின் கலந்த இனிப்பு நீரையும் நோய் எதிர்ப்பைக் குறைக்கும் மருந்தையும் சேர்த்துக் கொடுத்தனர். பின்னர் இனிப்பு நீரை மட்டும் கொடுத்தபோதும் அவற்றின் எதிர்ப்பாற்றல் குன்றியது. எலியின் உடல் ஒரு சுவையை நினைவில் வைத்திருந்தது! அதே பல்கலைக்கழகத்தில் 1980-களில் டேவிட் ஃபெல்டனும் அவர்தம் குழுவினரும், மண்ணீரலுக்குள் நரம்பிழைகள் சென்று வெள்ளணுக்களை நெருங்கித் தொடுவதைக் கண்டனர். வயது முதிர்ந்த எலிகளில் அவ்விழைகள் குறைந்துபோவதையும் கண்டனர்.

அக்குழுவினரோடு ஆய்வு செய்த தமிழர் ஒருவரை இங்கே குறிப்பிட வேண்டும். சீனிவாசன் தியாகராஜன் என்பவரே அவர். நடுக்குவாத நோய்க்குத் தரப்படும் எல்-டெப்ரெனில் என்ற மருந்தை முதிய எலிகளுக்குக் கொடுத்தபோது, மண்ணீரலில் குறைந்துபோன நரம்பிழைகள் ஓரளவு மீள்வதையும், இன்டர்லூக்கின்-2 மிகுவதையும் அவரும் குழுவினரும் 1998-இல் வெளியிட்டனர். பின்னர் அவர் தமிழகத்தில், காட்டாங்குளத்தூர் எஸ்.ஆர்.எம். பல்கலைக்கழகத்தில் ஆய்வகம் அமைத்து, பெண் எலிகள் முதுமை அடைகையில் நரம்பும் சுரப்பு நீரும் காவற்படையும் தமக்குள் கொண்டுள்ள உறவு எவ்வாறு மாறுகிறது என்பதை மாணவர்களோடு ஆராய்ந்தார். முதுமை என்பது ஓர் உறுப்பின் தேய்வு மட்டுமன்று, உறுப்புகளுக்கிடையே நடக்கும் உரையாடலின் மாற்றமும்கூட என்பதே இவ்வாய்வுகள் நமக்கு உணர்த்தும் செய்தி.

முதிய மூளை

உரையாடல் மாறும்போது முதிய விலங்குக்கு என்ன நேர்கிறது? 1919-இல் ஸ்பெயின் நாட்டின் ரியோ ஒர்த்தேகா, மூளையில் வாழும் சிறிய காவல் அணுக்களைக் கண்டறிந்து மைக்ரோகிளியா எனப் பெயரிட்டார். இளமையில் இவை அமைதியாகச் சுற்றிவரும் இரவுக் காவலரைப் போன்றவை. முதுமையில் இவை ஏற்கெனவே பாதி விழித்த நிலையில் இருக்கின்றன. உடல் முழுவதும் மெல்லிய அழற்சி கனன்றுகொண்டிருப்பது முதுமையின் இயல்பு என்பதை இத்தாலிய அறிஞர் கிளாவுதியோ பிரான்செஸ்கி 2000-ஆம் ஆண்டில் எடுத்துரைத்தார்.

2005-இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஜொனாதன் காட்பவுட்டும் ராட்னி ஜான்சனும் 3 முதல் 6 மாத வயதுள்ள சுண்டெலிகளுக்கும், 20 முதல் 24 மாத வயதுள்ள முதிய சுண்டெலிகளுக்கும் ஒரே அளவு பாக்டீரிய நச்சைக் கொடுத்தனர். நச்சு மூளைக்குள் இடப்படவில்லை, வயிற்றில்தான் இடப்பட்டது. இரு சாராரும் நோயுற்றனர். ஆனால் முதியவற்றின் மூளையில் இன்டர்லூக்கின் தூதர்கள் மிகுதியாகவும் நீண்ட நேரமும் நின்றனர். இளையவை தேறியபின்பும் முதியவை உணவை மறுத்துத் தம் இனத்தோடு பழகாமல் ஒதுங்கியிருந்தன. காவலர் வந்த செய்தியைக் கேட்டபின் அமைதிக்குத் திரும்பத் தெரியாமல் கூவிக்கொண்டே இருந்தனர் எனலாம்.

விலங்கின் அச்சத்தை எவ்வாறு அளப்பது என்ற ஐயம் எழக்கூடும். தரையிலிருந்து உயர்த்தி வைக்கப்பட்ட சிலுவை வடிவப் பலகையொன்றை ஆய்வாளர் பயன்படுத்துகின்றனர். அதன் இரு கைகளுக்குச் சுவர் உண்டு; மற்ற இரு கைகள் திறந்தவெளி. கலக்கமற்ற சுண்டெலி திறந்த கைகளிலும் உலாவி வரும். கலங்கியது சுவருள்ள கைகளிலேயே பதுங்கும். 2020-இல் ஜொனாதன் கிப்னிஸ் குழுவினர், மூளையின் உறைகளில் வாழும் ஒருவகை வெள்ளணுக்கள் வெளியிடும் இன்டர்லூக்கின்-17 இந்தக் கலக்கத்தோடு தொடர்புடையது என்று காட்டினர். அத்தூதனின் பேச்சு தடைப்பட்டபோது சுண்டெலிகளின் பதுங்கல் குறைந்தது. 2025-இல் குளோரியா சோய், ஜுன் ஹூ ஆகியோரின் குழுக்கள் மேலும் நுட்பமாகச் சென்றன. மூளையில் அச்சத்தின் இருப்பிடமாகிய அமிக்டலாவின் நரம்பணுக்களிலேயே இன்டர்லூக்கின்-17 நேரடியாகச் செயற்பட்டுக் கலக்கத்தை மிகுக்கிறது. இன்டர்லூக்கின்-10 அதே நரம்பணுக்களை அமைதிப்படுத்துகிறது. கலக்கும் தூதனும் தேற்றும் தூதனும் ஒரே வாயிலில் வந்து நிற்கிறார்கள்!

இதைப் படித்த அன்று என் கண்முன் வந்தது கூத்தாநல்லூர் வீடுதான். திண்ணை திறந்த கை. உள்ளறை சுவருள்ள கை. அம்மூதாட்டி எங்கே பதுங்கினார் என்பதை நான் பார்த்திருந்தேன். என்ன பார்த்தேன் என்பதை அறியாதிருந்தேன்.

மனிதருக்குப் பொருந்துமா?

சுண்டெலியில் கண்டதெல்லாம் மனிதருக்கு அப்படியே பொருந்திவிடாது. ஆயினும் மனிதரிடமும் சான்றுகள் உண்டு. 2001-இல் செருமனியின் மியூனிக் நகரில் நலமுள்ள 20 ஆடவர், தம் இசைவோடு மிகச் சிறிய அளவு பாக்டீரிய நச்சை ஏற்றுக்கொண்டனர். காய்ச்சலைப் பெரிதாக உணராத அவர்களிடமும் சில மணி நேரத்துக்குக் கலக்கமும் மனச்சோர்வும் மிகுந்தன, நினைவாற்றல் குறைந்தது. அவர்கள் வாழ்வில் அன்று எந்தத் துயரமும் நேரவில்லை. அவர்கள் இரத்தத்தில் தூதர்கள் மிகுந்திருந்தனர், அவ்வளவே.

சிக்குன்குனியாவுக்கே வருவோம். 2006-இல் இந்தியாவில் 13 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அக்காய்ச்சலுக்கு ஆளானதாகக் கணக்கிடப்பட்டது. 2008-இல் அது சிங்கப்பூரிலும் பரவியது. அங்கு நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்த ஆய்வாளர்கள், மூட்டுவலி நீடித்தவர்களின் இரத்தத்தில் இன்டர்லூக்கின்-6 உயர்ந்திருந்ததை 2011-இல் வெளியிட்டனர். காய்ச்சல் போனபின்பும் தூதன் போகாதிருந்தான். கூத்தாநல்லூர்ப் பிள்ளைகள் பலர் பிழைக்கச் சென்ற நாட்டிலிருந்தே அச்செய்தி வந்தது என்பதை எண்ணும்போது, அம்மூதாட்டியின் சொல் என் செவியில் மீண்டும் ஒலித்தது.

அவருடைய அச்சத்துக்கு இதுவே காரணம் என்று நான் தீர்ப்புரைக்கவில்லை. நான் மருத்துவன் அல்லன். தனிமையும், வலியும், ஓய்ந்துபோன கால்களின் நிலையின்மையும் அவரிடம் இருந்தன. இவையும் அச்சத்தைத் தருவனவே. மனிதனின் கலக்கம் முழுவதையும் சில இரத்தப் பொருள்களுக்குள் அடக்கிவிடலாம் என்பதும் எனக்கு உடன்பாடன்று. நான் சொல்ல விழைவது ஒன்றே. முதியவர் ஒருவர் அஞ்சும்போது, அதை உடனே நம்பிக்கைக் குறைவு என்று எண்ணும் உரிமை நமக்கு இல்லை. அவர் நம்பிக்கை உறுதியாக நிற்க, உடல் தனக்கு வந்த செய்திக்கு இணங்கி நடுங்கக்கூடும். அந்நடுக்கத்தின்மீது குற்றவுணர்வையும் ஏற்றிவைப்பது, சுமை தூக்குபவர் தலையில் இன்னொரு மூட்டையை வைப்பதாகும். அன்று நான் செய்தது அதுதான்.

கடமையும் ஒரு காட்சியும்

ஆகவே இல்லங்களில் முதியோரைப் பேணுவோர் சிலவற்றை நினைவிற்கொள்வது நன்று. நன்றாயிருந்த முதியவர் திடீரென்று கலங்கினாலோ, பேச்சைக் குறைத்து ஒதுங்கினாலோ, முதலில் உடலை விசாரிக்க வேண்டும். முதுமையில் நோய்த்தொற்று எப்போதும் கடுங்காய்ச்சலோடு வருவதில்லை. சிறுநீர்த் தொற்றோ நெஞ்சுச் சளியோ முதலில் மனக்குழப்பமாகவே வெளிப்படுவதுண்டு. மருத்துவரிடம் வலியையும் காய்ச்சலையும் சொல்வதோடு, 'இருட்டைக் கண்டால் பயப்படுகிறார்' என்பதையும் சொல்ல வேண்டும். உறக்கமும் உணவும் அருகில் அமரும் ஒருவரின் துணையும் அவருக்குக் கிடைக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். அறிவுரை அதற்குப் பிறகு வரட்டும்.

அரசர்கள் முதல் நூலின் 19-ஆம் அதிகாரத்தில் எலியா இறைவாக்கினரைக் காண்கிறோம். கர்மேல் மலையில் எவர்க்கும் அஞ்சாது நின்றவர், அடுத்து ஓர் அரசியின் மிரட்டலுக்கு அஞ்சி ஓடுகிறார். பாலைநிலத்தில் ஒரு செடியின் அடியில் அமர்ந்து, தம் உயிரை எடுத்துக்கொள்ளுமாறு வேண்டுகிறார். வானதூதர் வந்து அவரது நம்பிக்கையைப் பற்றிக் கேள்வி ஒன்றும் கேட்கவில்லை. அவரைத் தொட்டு எழுப்பி உண்ணச் சொல்கிறார். தலைமாட்டில் சுட்ட அப்பமும் குவளையில் தண்ணீரும் இருக்கின்றன. எலியா உண்டு மீண்டும் உறங்குகிறார். வானதூதர் இரண்டாம் முறையும் வந்து உணவையே தருகிறார். ஒரேபு மலையின் மெல்லிய ஒலி அதற்குப் பின்னர்தான் அவர் செவிக்கு எட்டுகிறது.

இப்பொழுதெல்லாம் முதியோர் இல்லங்களுக்குச் செல்லும்போது, செபத்தைத் தொடங்குமுன் அவர்களிடம் இரண்டு கேள்விகள் கேட்கிறேன்: "ராத்திரி தூங்கினீங்களாம்மா? காலையில என்ன சாப்பிட்டீங்க?" கூத்தாநல்லூர் மூதாட்டியிடம் நான் கேட்டிருக்க வேண்டிய கேள்விகள் அவை.